நீலப் பென்சிலால் ஒரு வார்த்தை

நான் மடையன் என்பதை இந்தப் பத்தியில் கடந்த வாரங்களிலேயே பல கோணங்களில் நிரூபித்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் யாருடைய வயலினையோ வாசித்துவிட்டு அதையே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தது, பாதிரியார் ஜெபம் பண்ணும்போது கொயர் மேடையில் தூங்கி விழுந்தது என்று எல்லாவற்றையும் சிரித்து மன்னித்துவிட்டீர்கள். இந்த வாரம் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

ஒரு மழைக்காலக் காலையில், பெங்களூர் ஸ்டூடியோ ஒன்றில், அடுத்தவர் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். வேடிக்கைக்குத்தான். அதை எழுதியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. சொன்னபோது, யாருடைய கையெழுத்தைப் போட்டேனோ அவர் உயிரோடு இல்லை.

கேள்வி கேட்கக் கூடாத பென்சில்

அவரை மாஸ்டர் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். பெயர் வேண்டாம். கர்நாடகத்தில் ரேடியோ இருந்த வீட்டிலெல்லாம் அவர் பாட்டு ஒலித்தது, புரிந்துகொள்பவர்கள் புரிந்துகொள்ளட்டும். கன்னடக்காரர், இசையமைப்பாளர். மெட்ராஸில் பல வருஷம் குப்பை கொட்டியதால் கன்னடத்தில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தமிழில் முடிப்பார்.

நான் அவர் குழுவில் வயலின். நாலாவது நாற்காலி, அதாவது தூணுக்குப் பின்னால். என் வாசிப்பை நம்பி யாரும் என்னை வைத்திருக்கவில்லை. என் கையெழுத்து அழகு. அதனால் காப்பி எழுதும் வேலை என்னுடையது. மாஸ்டர் எழுதிய முழு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியத்துக்குமான இசைக்குறிப்பைப் பார்த்து, அவரவர் வாசிக்க வேண்டிய பகுதியைத் தனித்தனிக் காகிதத்தில் எழுதி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் காயும். என் மனைவி ஸ்டெல்லா தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

ஒத்திகை ஒருமுறை முடிந்ததும் மாஸ்டர் தடித்த நீலப் பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டு ஸ்டாண்டாக வருவார். பிடிக்காத பிட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. மேலே கன்னடத்தில் இரண்டே எழுத்து: பேடா. வேண்டாம் என்று அர்த்தம். ஏன் வேண்டாம் என்று அவர் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். கேட்டால் மரியாதையில்லை என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். 'பேடா' விழுந்தவர் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைப்பார். வேறு பிட் இல்லையென்றால் வீட்டுக்குப் போவார். அடுத்த ரெகார்டிங்குக்குச் சிரித்துக்கொண்டே வருவார்.

அந்தக் கையெழுத்தை நான் அச்சாகப் போடுவேன். ஒருநாள் மாஸ்டர் பென்சிலை ஹார்மோனியத்தின் மேல் மறந்துவிட்டுப் போனபோது, தபேலா நாகராஜின் காகிதம் முழுக்க 'பேடா' போட்டுவைத்தேன். "குரு, இது ஏன் குரு, நான் என்ன பண்ணேன்?" என்று, எதிரில் நிற்பவரையெல்லாம் குரு என்கிற அவன் அலறியதில் எல்லோருக்கும் வயிறு வலித்தது. பத்து நிமிஷம் கழித்து ரப்பரால் அழித்துக் கொடுத்தேன். நாகராஜே அதிகமாகச் சிரித்தான்.

அன்றைக்கு ஏகாம்பரம் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பதினாறு பார்

ஏகாம்பரம் புல்லாங்குழல். தொம்மலூர் பழைய ஊருக்குள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் வீடு. அதிகம் பேசாத ஆள். நான் ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு யோசித்துச் சிரிப்பான். எனக்கு அதனாலேயே அவனைப் பிடிக்கும். ஒரு ஜோக்குக்கு இரண்டு தடவை சிரிப்பு.

மாஸ்டர் ஸ்கோரில் வாத்தியத்தின் பெயரை எழுத மாட்டார், வாசிக்கிற ஆளின் பெயரை எழுதுவார். அந்தப் பாட்டின் நடுவில் பதினாறு பார், அதாவது பதினாறு தாளக் கட்டம், அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே 'ஏகா' என்று எழுதியிருந்தார். காப்பி எடுக்கும்போதே இரண்டு தடவை பாடிப் பார்த்துக்கொண்டேன். அப்படிப்பட்ட பிட். மூச்சை எங்கே விடுவது என்பதைக்கூட அவனுக்காகவே யோசித்து எழுதியிருந்தார்.

ஒத்திகையில் ஏகாம்பரம் அதை வாசித்தான். ஏ.ஸி. குளிரும் ஈரக் கார்ப்பெட் நாற்றமும் இருந்த அந்த அறையில் ஒருத்தர்கூட இருமவில்லை. மாஸ்டர் பென்சிலை ஹார்மோனியத்தின் மேல் வைத்துவிட்டுக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனார். ஏகாம்பரம் கை கழுவப் போனான், மற்றவர்களும் காலாற வெளியே போனார்கள்.

பென்சில் அங்கே இருந்தது. நான் இங்கே இருந்தேன். இவ்வளவு நன்றாக வாசித்தவன் காகிதத்தில் 'பேடா' இருந்தால் எவ்வளவு பெரிய வேடிக்கை. கோடு போட்டேன், எழுதினேன். அவன் வந்து பார்த்துக் கத்தட்டும், டீயோடு திரும்பி வந்து அழிக்கிறேன் என்று கேண்டீனுக்குப் போனேன். டீக்குக் கூட்டம். ஒரு பன்னும் சாப்பிட்டேன். அந்த பன்னை நான் சாப்பிடாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது ஏகாம்பரத்தின் நாற்காலி காலி. நாகராஜைக் கேட்டேன்.

"பேப்பரப் பாத்தாரு. குழலத் தொடச்சிப் பையில வெச்சாரு. போய்ட்டாரு. பாவம் குரு, அவ்ளோ நல்லா வாசிச்சும் மாஸ்டர் பேடான்னுட்டாரு போல."

என் வேலை என்று அவனுக்குக்கூடத் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் பஸ் ஸ்டாப்பில் பிடித்திருக்கலாம். அதற்குள் மாஸ்டர் உள்ளே வந்தார். நான் ரப்பரை எடுத்து அழித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எந்த வேலையும் செய்ததில்லை.

"ஏகா எல்லி?"

"போய்ட்டாரு மாஸ்டர்," என்றான் நாகராஜ். "ஒண்ணும் சொல்லல."

அவன் 'பேடா'வைச் சொல்லவில்லை. மாஸ்டர் போட்டது மாஸ்டருக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பான். மாஸ்டர் காலி நாற்காலியைப் பார்த்தார். பாடகருக்கு விமானத்துக்கு நேரமாகிறது என்று தயாரிப்பாளரின் ஆள் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்.

"செல்வா," என்றார் மாஸ்டர். "நீதானே காப்பி எழுதினே. உனக்கு மனப்பாடமா இருக்கும். வயலின்ல வாசிச்சிடு."

வாசித்தேன். மூன்றாவது டேக் ஓகே.

குழாயடி

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு தொம்மலூருக்குப் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மன்னிப்பை எப்படி வேடிக்கையாக ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஏகாம்பரம் சந்து முனைக் குழாயில் குடத்தோடு நின்றிருந்தான்.

"வா செல்வராஜு. டேக் ஓகே ஆச்சா?"

"ஆச்சு."

"யாரு வாசிச்சா எம் பிட்ட?"

மன்னிப்புக்கு நான் தயார் செய்து வைத்திருந்த முதல் வரி இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "நான்தான்," என்றேன்.

அவன் குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "வயலின்தான் சரின்னு அவருக்குப் பட்டிருக்கும். நல்லதுதான்."

"ஏகா, அது வந்து..."

"விடுப்பா. மாஸ்டர் பேடான்னா பேடாதான். அதப் போய்க் கேப்பாங்களா?"

அவன் மனைவி கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னாண்ணா, ஒரு டீ போடவா?" என்றார். போடுங்கள் என்றேன். குடித்தேன். திரும்பி வந்தேன். தொம்மலூருக்குப் போய் நான் செய்தது அவ்வளவுதான்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் 'பிட்டைத் திருட எழுதினாயா' என்றுதான் கேட்பான் என்று பயந்தேன். ஒன்பது வருஷம் இந்தப் பயத்தைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட மோசம். மூன்றாவது டேக் நன்றாக வந்திருந்தது. முதல் முறையாக மாஸ்டர் என் தோளைத் தட்டியிருந்தார்.

எல்லோருக்கும் வசதியான காரணம்

அந்த வருஷக் கடைசியில் காவிரிக் கலாட்டா வந்தது. தெருவில் தமிழ் பேசப் பயந்த நாட்கள். நான் என் வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பேசினேன். ஸ்டெல்லாவுக்கு அது ஒன்றுதான் நிம்மதி. ஏகாம்பரம் குடும்பத்தோடு திருப்பத்தூருக்குப் போய் மச்சானின் சிமெண்ட் கடையில் உட்கார்ந்தான் என்று கேள்விப்பட்டோம். கலாட்டாவுக்குப் பயந்துதான் போனான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஊர் அடங்கியது. ரெகார்டிங் மறுபடி ஆரம்பித்தது. ஏகாம்பரம் வரவில்லை. ஒருநாள் இடைவேளையில் மாஸ்டர் என்னிடம் வந்தார். ஒரு வாத்தியக்காரன் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏகா ஏன் போனான், செல்வா? உனக்குத் தெரியுமா?"

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஸ்டாண்டுதான் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"மாமியார் ஊரு சாம்பார் பிடிச்சிப் போச்சு மாஸ்டர்," என்றேன்.

சிரித்தார். நல்ல ஜோக் என்றால் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். அன்றைக்கும் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பாட்டில் புல்லாங்குழலுக்குத் தனி பிட் வரவே இல்லை. குழல் வேண்டிய இடத்தில் வயலினைப் போட்டார். ஒரு பத்திரிகையில் இதற்கு மாஸ்டரின் வயலின் காலம் என்று பெயர் வைத்து, அவருடைய கலை எப்படி முதிர்ந்தது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். ஸ்டெல்லா அதைக் கத்தரித்து ஒட்டி வைத்தாள்.

எல்லோரும் எழுதினார்கள்

மாஸ்டர் ஒரு காலை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டார். வீட்டு வாசலில் நாற்பது ஐம்பது வாத்தியக்காரர்கள் நின்றோம். வாத்தியம் இல்லாமல் நின்று பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் அவர் பாட்டுகளாகப் போட்டார்கள். அந்தப் பாட்டும் வந்தது. பதினாறு பார் முடிந்ததும் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்க பிட்டு சார்," என்று அழுதார்.

நினைவு மலர் ஒன்று போடுவது என்று குழுவில் முடிவாயிற்று. வாத்தியக்காரர்களிடமிருந்து கடிதம் வாங்கித் தொகுக்கும் பொறுப்பு, கையெழுத்து அழகாக உள்ளவனுக்கு. நான் கார்டு போட்டேன். பதில்கள் வந்து குவிந்தன. மெட்ராஸ் செல்லோக்காரர் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். அதில் மாஸ்டர் ஒன்பதாவது பக்கத்தில் வந்தார். "உன்னை மாதிரி வாசிக்க ஆள் இல்லை" என்று மாஸ்டர் தன்னிடம் மட்டும் தனியாகச் சொன்னதாக ஏறக்குறைய எல்லோருமே எழுதியிருந்தார்கள். அந்த மனுஷர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. படித்துவிட்டுச் சிரித்தேன். எனக்கும் அப்படி ஒன்று எழுதிக்கொள்ள ஆசையாக இருந்தது.

திருப்பத்தூர் விலாசத்துக்கு மட்டும் நான் கார்டு போடவில்லை. நாகராஜ் போட்டுவிட்டான்.

இன்லண்ட் லெட்டர்

ஏகாம்பரத்தின் கடிதம் எனக்குத்தான் வந்தது. பென்சிலால் கோடு இழுத்து அதன்மேல் எழுதியிருந்தான். சுருக்கமாகத் தருகிறேன்.

"மலருக்காக எழுதவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் இருந்தவரை கேட்கக் கூடாது என்று இருந்தேன். இனிமேல் கேட்கலாம் என்று நினைக்கிறேன். காப்பி எழுதினவன் நீ. அந்த பிட்டை ஏன் எடுத்தார்? சுருதியா, மூச்சா? ஊர் அப்போது இருந்த இருப்பில், நான் தமிழன் என்று எடுத்தாரோ என்று ஒரு ராத்திரி நினைத்தேன். உன்னை வாசிக்க வைத்தாரே, நீயும் தமிழன்தானே. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆக, என் வாசிப்பில்தான் ஏதோ தப்பு. இங்கே வந்தும் ரொம்ப நாள் அந்தப் பதினாறு பாரை வாசித்து வாசித்துப் பார்த்தேன். எது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. இப்போது வாசிப்பதில்லை. சிமெண்ட் தூசி. எட்டு பாருக்குள் இருமல் வந்துவிடுகிறது."

நான் உடனே பதில் போட்டேன். மாஸ்டர் உன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாகப் பேசுவார் தெரியுமா என்று ஆரம்பித்து, செல்லோக்காரரின் பதினோரு பக்கத்தைக் கிண்டலடித்து, திருப்பத்தூரில் வெயில் எப்படி என்று முடித்தேன்.

ஒரே வாரத்தில் கார்டு வந்தது. "கேட்டதற்குப் பதில் இல்லை. தப்பு பெரியது என்பதால் சொல்லத் தயங்குகிறாய் என்று புரிகிறது. பரவாயில்லை, சொல்."

கார்டை ஸ்டெல்லா படித்தாள். "என்ன தப்புங்க அது?" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் ஆளாக அவளிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த மூணாவது டேக்க எத்தன பேருக்குப் போட்டுக் காமிச்சிருக்கேன்," என்றாள்.

பிறகு, "எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தாள். "இத எழுதாதீங்க. படிச்சா சிரிப்பு வருது." இன்னொன்று எழுதினேன். அதிலும் பன் சாப்பிட்டதை வைத்து ஒரு ஜோக் இருந்தது. வைக்க வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்திருந்தது. ஏழு எட்டுக் காகிதம் கிழித்திருப்பேன். உண்மையைச் சொல்லும்போதுகூடப் பக்கத்தில் ஒரு கோமாளியை நிறுத்திக்கொண்டுதான் சொல்ல வருகிறது எனக்கு.

ஸ்கோர் பக்கம்

எழுத்தை நம்பவில்லை. கூடவே வைக்க ஏதாவது வேண்டும் என்று மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அம்மா, மாஸ்டரின் மனைவி, அவருடைய அலமாரியைத் திறந்து விட்டார்.

"இதெல்லாம் நீதான் நோடணும்பா, பாத்து எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் அர்த்த ஆகல்ல."

அந்தப் பாட்டின் ஸ்கோர் இருந்தது. வயலினுக்கு மாற்றிய பிறகு அவர் பெயரை அடித்துத் திருத்தியிருப்பார், 'செல்வா' என்று எழுதியிருப்பார் என்று நினைத்தேன். அவர் சுத்தமாகத் திருத்துகிற ஆள். திருத்தவில்லை. பதினாறு பாருக்கும் மேலே 'ஏகா' அப்படியே இருந்தது.

"இந்த ஒரு பக்கம் எடுத்துக்கட்டுமா அம்மா?"

"எதுக்குப்பா?"

"ஏகாம்பரத்துக்கு அனுப்பத்தான்."

"அனுப்பு, அனுப்பு. அவன் போனது இவருக்கு ரொம்ப பேஜாரு, மனசே சரியில்ல. நான் ஏதோ அவமானம் பண்ணிட்டேன் போல, என்னன்னுதான் தெரியலன்னு சொல்லிட்டே இருப்பாரு. கேளுங்களேன்னா, போனவன எப்படிக் கேக்கறதும்பாரு."

எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடித்தேன். அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் படிக்க மாட்டார், தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அதன் பின்னாலும் ஒளிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். கோடு போட்டவன் நான். எழுதியவன் நான். மாஸ்டர் பார்ப்பதற்குள் அழித்தவன் நான். அவருக்குத் தெரியாது, கடைசிவரை தெரியாது. நீ ஏன் போனாய் என்று என்னிடம் கேட்டார், நான் சொல்லவில்லை. அவர் உன் பெயரை அடிக்கவில்லை, இதோடு வைத்திருக்கிறேன், பார். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பிட்டுக்காகச் செய்யவில்லை, ஆனால் பிட் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டெல்லா படித்தாள். உறையை ஒட்டினாள்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். ஏகாம்பரம் ரயிலேறி வந்து என்னை அறைவான் என்று எதிர்பார்த்தேன். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. அறைந்த பிறகு உட்கார்ந்து டீ குடிப்பானே. மன்னித்து எழுதினால் என்ன பதில் எழுதுவது என்று அதற்கும் சேர்த்து யோசித்து வைத்தேன்.

நாலாவது வாரம் ஒரு கார்டு வந்தது. என் பெயர் விலாசத்தில் மட்டும் இருந்தது. அன்புள்ள இல்லை, இப்படிக்கு இல்லை. பென்சிலால் இழுத்த கோட்டின்மேல் ஒரே ஒரு வரி:

"அப்படியானால் என் வாசிப்பில் தப்பு இல்லை."